டைல்ஸ் ஒட்டியதில் குறையா, கொட்டேஷனில் குழப்பமா: கடையோடு வரும் தகராறைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் வீடு கட்டும் பெரும்பாலோருக்கு டைல்ஸ் வேலை வந்து சேரும் நேரமே நெருக்கடியானது. கையிருப்பு கரைந்திருக்கும், வங்கிக் கடனின் கடைசித் தவணையும் வாங்கியாகியிருக்கும், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அச்சாகியிருக்கும். அந்த அவசரத்தில், "அடிக்கு இவ்வளவுங்க, ஒட்டுறதையும் நாங்களே பார்த்துக்கறோம்" என்று கடைக்காரர் சொல்லும் ஒரு வாய்வார்த்தையை நம்பி லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. ஆறு மாதம் கழித்துக் கூடத்தில் நான்கு கல் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, "கல்லு நல்ல கல்லுங்க, மேஸ்திரி ஒட்டுனது சரியில்லை" என்று கடையும், "கல்லே வளைஞ்சு வந்திருக்குதுங்க, நான் என்ன பண்றது" என்று மேஸ்திரியும் சொல்கிறார்கள். இருவருக்கும் நடுவே, பணம் கொடுத்தவர் நியாயம் கேட்க ஆளில்லாமல் நிற்கிறார்.

இந்தத் தகராறுகளில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையத்தில் நடப்பதில்லை. கல் இறங்கும் முன்பு எழுதப்படும் ஒரே ஒரு தாளில்தான் நடக்கிறது. கல்லை விற்றவரும் ஒட்டித் தருபவரும் ஒருவரே என்பதை அந்தத் தாள் சொல்லிவிட்டால், பிற்பாடு பழியை இடம் மாற்ற முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது. கல் ஒட்டி முடித்துவிட்டு இப்போது குறையோடு இருப்பவர்கள் மூன்றாம் படியிலிருந்து படிக்கலாம்.

முதல் படி: கொட்டேஷனைப் பிரித்து எழுதி வாங்குதல்

கொட்டேஷன் தெளிவில்லாமல் போவதற்கு முதற் காரணம் "சதுர அடி" என்ற சொல்லே. எதனுடைய சதுர அடி என்று யாரும் கேட்பதில்லை. அறையின் தரைப்பரப்பு ஒரு கணக்கு; சேதாரம் சேர்த்து வாங்க வேண்டிய கல்லின் பரப்பு இன்னொரு கணக்கு; பெட்டியில் உண்மையாக இருக்கும் கல்லின் பரப்பு மூன்றாவது கணக்கு. கடைகளில் "இரண்டுக்கு இரண்டு" என்று சொல்லப்படும் கல் 600 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர் அளவுடையது. இரண்டு அடி என்பது 609.6 மில்லிமீட்டர். நான்கு கல் கொண்ட ஒரு பெட்டியின் உண்மைப் பரப்பு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. பெட்டிக்கு 16 சதுர அடி என்று போட்டு அடிக்கு 60 ரூபாய் வாங்கினால், ஒவ்வொரு பெட்டிக்கும் 30 ரூபாய் இல்லாத கல்லுக்குக் கொடுக்கிறோம். ஆயிரம் சதுர அடித் தரைக்கு, சேதாரம் சேர்க்காமலே 65 பெட்டி தேவைப்படும். 16 என்று வகுத்தவர் 63 பெட்டியோடு நிறுத்திவிடுவார். பிறகு குறையும் இரண்டு பெட்டிக்கு அதே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான கல்) கிடைக்காமல், படுக்கையறையின் ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறி நிற்கும். "நான்குக்கு இரண்டு" கல்லுக்கும் இதே கணக்குத்தான். இரண்டு கல் கொண்ட பெட்டி அதே 15.5 சதுர அடி. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பரப்பையே கொட்டேஷனிலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கூலி. "ஒட்டுக்கூலி அடிக்கு இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டை) ஓட்ட அடிக் கணக்கா, சதுர அடிக் கணக்கா? படிக்கட்டுக்கு முனை உருட்டுவது கூலிக்குள் வருகிறதா? குளியலறைச் சுவருக்குத் தனிக் கூலியா? தரை மட்டம் சரியில்லாமல் கூடுதல் கலவை போட வேண்டி வந்தால் அந்தச் சிமெண்டும் எம்-சாண்டும் யாருடையது? கல் இடுக்கை நிரப்பும் கிரவுட் சாதாரண சிமெண்ட் வகையா, எபாக்ஸிப் பிசின் வகையா? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்குத் தூக்கும் கூலி யார் தலையில்? ஜிஎஸ்டி சேர்த்த விலையா, தனியா? மிஞ்சிய முழுப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள்? இத்தனைக்கும் பதில் எழுதினால் கொட்டேஷன் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. எழுத மறுக்கும் கடையில் ஒட்டு வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கல்லை மட்டும் வாங்கிக்கொண்டு, பழக்கமான மேஸ்திரியிடம் தனியாக எழுதிக்கொள்வது மேல்.

எதைக் கொண்டு ஒட்டப் போகிறார்கள் என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். விட்ரிஃபைட் கல் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட கல்) தண்ணீரை உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய சிமெண்ட் தரைக் கல்லும் செராமிக் கல்லும் சிமெண்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதுபோல இது பிடித்துக்கொள்ளாது. அதனால்தான் ஒட்டுவதற்கென்று தனிப் பசை வந்தது. அதற்கு ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது. சுவரில் கல்லின் பின்பக்கம் நான்கைந்து இடத்தில் மட்டும் உருண்டை வைத்து அழுத்திவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. அப்படி ஒட்டிய கல் ஆணி அடிக்கும்போது விரிசல் விடுவது வியப்பே இல்லை. "விட்ரிஃபைட் கல் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டப்படும், கல்லுக்கு இடையே ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படும்" என்று இரண்டு வாக்கியம் எழுதி வாங்கினால், பின்னால் பொறியாளர் வந்து பார்க்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான வரி ஒன்று உண்டு. "மேற்கண்ட டைல்ஸை வழங்குவதும் ஒட்டித் தருவதும் எங்கள் பொறுப்பு" என்று கடையின் பெயர் அச்சிட்ட தாளில் முத்திரையோடு வாங்குங்கள். ஒட்டுக்கூலியையும் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மேஸ்திரியின் கையில் ரொக்கமாகக் கொடுத்தால், "அவரை நாங்கள் அறிமுகம்தான் செய்தோம்" என்று கடை ஒதுங்கிக்கொள்ள வழி கிடைத்துவிடும். வேறு வழியில்லாமல் மேஸ்திரிக்கு நேரடியாகப் பணம் போக வேண்டியிருந்தால், "உங்கள் மேஸ்திரிக்கு நீங்கள் சொன்னபடி இன்று இவ்வளவு கொடுத்தேன்" என்று கடைக்காரருக்கு அன்றே வாட்ஸ்அப் செய்துவிட்டு, அவருடைய பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். மொத்தத் தொகையில் பத்து விழுக்காட்டையாவது, வேலை முடிந்து சோதித்த பிறகே தருவதாகத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ஒட்டும் முன்பும் ஒட்டும்போதும்

கல் வந்து இறங்கியதும் எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் "ஒட்டிய பின் புகார் ஏற்கப்படாது" என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். நிற வேறுபாடு, முனை உடைவு, மேற்பூச்சுப் புள்ளி போன்ற கண்ணுக்குத் தெரியும் குறைகளில் அந்த வரியை மீறி வாதாடுவது கடினம். பார்த்தும் ஒட்டினீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். எனவே ஓர் அறைக்கான கல்லைப் பசையில்லாமல் பரப்பி, பகல் வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டும். வளைவையும் அப்போதே கண்டுபிடிக்கலாம். இரண்டு கல்லை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, நடுவிலோ ஓரத்திலோ தெரியும் சந்தைப் பாருங்கள். நீளமான கல்லில் சிறிது வளைவு இருப்பது இயல்பு. அதைச் செங்கல் அடுக்குபோல் பாதிக்குப் பாதி மாற்றி ஒட்டினால், ஒரு கல்லின் உயர்ந்த நடுப்பகுதி அடுத்த கல்லின் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றி ஒட்ட வேண்டாம் என்று சொல்லப்படுவது இதற்காகத்தான்.

ஒட்டும் நாட்களில் தினமும் ஒருமுறை போய்ப் பார்த்து, நான்கைந்து படம் எடுங்கள். பசை தடவிய கல்லின் பின்பக்கத்தைக் காட்டும் ஒரு படம், பின்னாளில் எழுதும் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். உடைந்த துண்டுகளையும் காலிப் பெட்டிகளில் இரண்டையும் மிஞ்சிய முழுக் கல்லில் நான்கையும் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: குறையைக் கண்டறிந்து, அது யாருடைய குறை என்று பிரித்தல்

ஒட்டி ஒரு வாரம் கழித்து, ஒரு நாணயத்தையோ மரக் கைப்பிடியையோ கொண்டு ஒவ்வொரு கல்லையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். அடைத்த சத்தமும் காலிச் சத்தமும் காதுக்கே தெளிவாகப் பிரிந்து தெரியும். காலிச் சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, முழு அறையும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். தட்டும்போது சத்தத்தோடு காணொளியும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லின் ஏற்ற இறக்கத்துக்கு ஏடிஎம் அட்டை நல்ல கருவி. அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். மூலைமட்டத்தின் விளிம்பைத் தரையில் படுக்க வைத்து, அட்டை ஒன்று நுழைகிறதா, இரண்டு நுழைகிறதா என்று குறித்துக்கொள்ளலாம். குளியலறையிலும் பால்கனியிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் வாட்டம் சரியா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேங்கிய தண்ணீரின் மேல் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

இனி, யாருடைய குறை? நிற வேறுபாடு, மேற்பூச்சு உரிதல், பயன்படுத்தாத கல்லிலும் காணப்படும் வளைவு, அளவு மாறுபாடு ஆகியவை கல்லின் குறைகள். இவற்றுக்குக் கடையும் தயாரிப்பாளரும் பொறுப்பு. எடுத்து வைத்த முழுக் கல் இதற்கு உதவும். அதை ஐஎஸ் 13630 முறைகளின்படி ஆய்வகத்தில் சோதித்து, ஐஎஸ் 15622 சொல்லும் அளவோடு ஒப்பிட முடியும். காலிச் சத்தம், வாட்டமின்மை, கோணலான கோடு, கிரவுட் உதிர்தல் ஆகியவை ஒட்டியதில் வந்த குறைகள். சித்திரை வெயிலில், மேலே மொட்டை மாடி உள்ள அறையில், ஒரு நண்பகலில் "டப்" என்ற சத்தத்துடன் வரிசையாகக் கல் தூக்கிக்கொள்வதும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் புகார்தான். கல்லுக்கு இடையேயும் சுவரோரத்திலும் விரிவதற்கு இடம் விடாமல் நெருக்கி ஒட்டியதும், அடியில் பிடிப்பு இல்லாததும் சேர்ந்தால் அப்படி ஆகும். கிரவுட்டில் வெள்ளை பூப்பதை மட்டும் அவசரப்பட்டு யார்மேலும் சுமத்த வேண்டாம். உப்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் கலவை போட்டாலும், அடியில் ஈரம் இருந்தாலும் அது வரும். அந்தத் தண்ணீரைக் கொடுத்தது வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

அலுவலகத்துக்கும் மாடி அறைகளுக்கும் கார்ப்பெட், வினைல், லேமினேட் மரத்தரை போட்டவர்களுக்கும் இதே பிரிப்புப் பொருந்தும். கார்ப்பெட்டில் இணைப்புக் கோடு பிரிவதும், சுருக்கம் எழும்புவதும், அடிவிரிப்புக்குப் பணம் வாங்கிவிட்டு விரிக்காமல் விடுவதும் பொருத்தியதில் உள்ள குறைகள். மரத்தரை நடுவில் உப்பினால், சுவரோரத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

குறை பெரிதாக இருந்தால் தகராறுக்குத் தொடர்பில்லாத ஒரு சிவில் பொறியாளரை அழைத்து, எத்தனை கல்லில் என்ன குறை, காரணம் என்ன, பெயர்த்து மறுபடி ஒட்ட என்ன செலவாகும் என்ற மூன்றையும் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். செலவுக் கணக்கில் புதுக் கல்லும் கூலியும் மட்டும் போதாது; பழைய கல்லைப் பெயர்ப்பது, இடிபாட்டை அகற்றுவது, அலமாரியையும் சமையல் மேடையின் அடிப்பகுதியையும் கழற்றி மாட்டுவது ஆகியவையும் வர வேண்டும்.

நான்காம் படி: கடையிடம் எழுத்தில் கேட்டல்

முதலில் நேரில் போய்ப் பேசுவது நம் பழக்கம், அதில் தவறில்லை. பெரும்பாலும் கடைக்காரர் தெரிந்தவராகவோ, சொந்தத்தில் யாரோ சொல்லிவிட்டவராகவோ இருப்பார். ஆனால் பேசிவிட்டு வந்த அன்றே அதை எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். "இன்று கடையில் பேசியபடி, கூடத்தில் 22 கல்லிலும் குளியலறை வாட்டத்திலும் உள்ள குறையை 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் சரிசெய்து தருவதாகச் சொன்னீர்கள். படங்கள் இணைத்துள்ளேன்" என்ற அளவு போதும். கோபத்தையும் பழைய கதையையும் சேர்க்க வேண்டாம். அதற்குப் பதில் இல்லையென்றால், கொட்டேஷன், பில், பணம் செலுத்திய சான்று, படங்கள் ஆகியவற்றின் நகலோடு பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்த விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். என்ன குறை, என்ன கேட்கிறேன், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

"ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டினால் தயங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் தரவோ, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லாதபோது 30 நாட்களுக்குள்ளும் மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லே தராமல் இருப்பதும் அதே வகையில்தான் அடங்கும்.

கடை இறங்கி வந்து மறுபடி ஒட்டித் தருகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். ஆனால் எந்தக் கற்கள், எந்த பேட்ச், எந்தத் தேதிக்குள், பெயர்க்கும்போது பக்கத்துக் கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே சுத்தியலை உள்ளே விடுங்கள். பெயர்க்கும் முன் படங்கள் முழுமையாக இருக்கட்டும். பெயர்த்த பின் சாட்சியம் குப்பை வண்டியில் போய்விடும்.

ஐந்தாம் படி: வெளியே முறையிடுதல்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் இதற்கு ஓரளவு மதிப்புக் கொடுக்கும். உள்ளூர்க் கடையிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இருதரப்பையும் அழைத்துப் பேசி முடிக்க விரும்பினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வீடோ பில்லோ மனைவி பெயரில் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் இங்கே வரும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை; 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இணையத்தில் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எங்கே தாக்கல் செய்வது என்பதில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது: புகார்தாரர் குடியிருக்கும் இடமே போதும். கோயம்புத்தூர்க் கடையில் வாங்கிய, குஜராத்தின் மோர்பியில் தயாரான கல்லுக்குத் தாராபுரத்துக்காரர் திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் காலக்கெடு. "அடுத்த மாசம் ஆள் அனுப்பறனுங்க" என்ற பேச்சிலேயே இந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும் ஆபத்து இருக்கிறது. கடை காலம் தாழ்த்துவதால் கெடு தானாக நீள்வதில்லை.

பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகம், வாடகைக்கு விடும் வணிக வளாகம் போன்றவற்றுக்குப் போட்ட தரையானால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற "வணிக நோக்கம்" தடை வரும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு கடைக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. மற்றவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

வழக்கில் கடை, ஒட்டியவர், தயாரிப்பாளர் மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒருவரை விட்டுவிட்டால், இருப்பவர் எல்லாம் இல்லாதவரையே கை காட்டுவார்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் அச்செடுத்துக் கொடுக்கும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தரும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் ஒரு ஆட்சேபணை குறையும். தரையை நேரில் பார்த்து அறிக்கை தர, பொறியாளர் துணையோடு வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி மனுச் செய்யலாம். எதிர்தரப்பு மறுக்கும் வழக்கில் அந்த அறிக்கைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது; அதுவரை தரையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடிப்போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஆணையம் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். நடுவில் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்ப முன்வந்தால், பொறியாளரின் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தால், எதிர்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்ய வேண்டுமானால் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், அதே மாவட்ட ஆணையத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்கீழ் நிறைவேற்று மனுவும், 72-ஆம் பிரிவின்கீழ்த் தண்டனை கோரும் மனுவும் போடலாம். பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பணம் வந்து சேரும்வரை உத்தரவின் சான்றிட்ட நகலையும், எடுத்து வைத்த அந்த நான்கு கல்லையும் விட்டுவிட வேண்டாம்.